சொத்தைராசாவுக்குக் குரல் கொடுப்பவள்

இன்னும் பயப்பட வேண்டுமாம். ஏழு தடவை பேசியாகிவிட்டது, இன்னும் பயம் போதவில்லையாம். மும்பையிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருக்கும் விளம்பரக் கம்பெனி மேகா மேடத்துக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது, ஆனால் பயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மட்டும் துல்லியமாகத் தெரியும்போலிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் பார்த்துக்கொள்ளும் கதிரேசன் சார் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு தலையாட்டுகிறார், பக்கத்தில் ஒலிப்பதிவு செய்யும் ஜெரால்ட் கொட்டாவி விடுகிறார், எனக்கு எதுவும் கேட்காது, அவர்களில் ஒருவர் பொத்தானை அழுத்தினால்தான் என் ஹெட்போனுக்குள் குரல் வரும். அதுவரை இந்த அலமாரி அளவு அறையில் நான் சும்மா நிற்க வேண்டியதுதான். சத்தம் மைக்கில் ஏறும் என்று ஏசியை நிறுத்திவிட்டார்கள், காலை பதினோரு மணிக்கே முதுகில் வியர்வை இறங்குகிறது. முன்னால் தாங்கியில் காகிதம், அதில் ஆறு வரி. பற்பசை விளம்பரம், இருபது நொடி. சொத்தைராசா என்கிற கிருமி, ஊதா நிற உடம்பும் ஆறு காலும் தலையில் கிரீடமும் கையில் உளியுமாகப் பிள்ளைகளின் பல்லைக் குடைகிறவன், இந்தத் தடவை பற்பசை நாயகன் முத்துவீரன் காலில் விழுந்து உயிர்ப்பிச்சை கேட்கிறான். பதினைந்து வருடமாக சொத்தைராசாவுக்குக் குரல் நான்தான். நான் மட்டும் இல்லையென்றால் தமிழ்நாட்டில் பாதிப் பிள்ளைகள் பல்லே தேய்த்திருக்காது என்று என் வீட்டுக்காரர் சேது கேலி செய்வார். முன்பு செய்வார். பதினோரு நாளாக வீட்டில் யாரும் யாரையும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் பதினோரு நாளாக என் மகள் என்னோடு பேசவில்லை.

ஆறு வயது. பெயர் நறுமுகை, வீட்டில் முகை. அப்பாவோடு பேசுகிறாள், பள்ளியில் பேசுகிறாளாம், வேனில் பாட்டுகூடப் பாடுகிறாளாம். என்னைக் கண்டால் வாய் மூடிக்கொள்கிறது. மூடிக்கொள்கிறது என்றால் கோபித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்குகிற மூடல் இல்லை, அதை நான் சமாளித்துவிடுவேன், நானும் அப்படி மூடியவள்தான். இது இறுக்கி மூடுவது, உதட்டின் ஓரம் வெளுத்துப்போகும் அளவுக்கு. கூடவே ஒரு கையை எடுத்து மேலே வைத்துக்கொள்வாள். என் கையால் ஊட்டினால் வாங்குவதில்லை, தட்டில் வைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போனபிறகு சாப்பிடுகிறாள், மெல்லும் சத்தம் எனக்குக் கேட்கும், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஏழே முக்காலுக்கு வேன், ஏழரைக்கு அவள் பல் துலக்கும் பிரஷை வாயில் வைத்துக்கொண்டு வாஷ்பேசின் முன்னால் சிலையாக நிற்கிறாள், துலக்கவில்லை, கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் எலுமிச்சை சாதத்துக்குத் தாளித்துக்கொண்டே, "முகை, தேய்டி, முகை, நேரமாச்சு," நாலு தடவை, ஐந்து தடவை. கீழே வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார். கரண்டியோடு போய்ப் பின்னால் நின்று, யோசிக்கவே இல்லை, தாடையை நெஞ்சில் அழுத்தி அந்தக் குரலைப் போட்டேன். "தேய்க்காதே முகை, தேய்க்காதே, இந்தப் பல்லு எல்லாம் எனக்குத்தான்." டிவியில் அவன் யார் பெயரையும் சொல்வதில்லை. அவள் திரும்பினாள். திரும்பாமல் இருந்திருந்தால். கண்ணாடியிலேயே பார்த்திருந்தால்கூட. திரும்பி நேராக என் வாயைப் பார்த்தாள், நான் அந்த வரியை இன்னும் முடித்திருக்கவில்லை. பிரஷ் விழுந்தது. வாய் மூடியது, நுரையோடு. கொப்பளிக்கச் சொன்னேன், கெஞ்சினேன், திறக்கவே இல்லை, நுரையை வாயில் வைத்துக்கொண்டே வேனில் ஏறிப் போய்விட்டாள். பள்ளி வாசலில்தான் துப்பினாள் என்று வேனில் வரும் அக்கா அப்புறம் சொன்னார்கள்.

தொழில் குரலை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை என்று எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, யாரும் எழுதிவைத்ததில்லை, ஆனால் எல்லோரும் செய்வோம். பேயாகப் பேசுகிற மனோகரன் அண்ணன் வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு யாரிடமாவது விலாசம் சொல்வது மாதிரித் தன் முழுப் பெயரையும் தெருப்பெயரையும் ஒரு தடவை சொல்வார், தன் குரல் தனக்குத் திரும்பிவிட்டதா என்று பார்க்க. நான் வீட்டில் முகையிடம் சொன்னதே இல்லை. அம்மாவுக்கு என்ன வேலை என்றால் ஆபீஸ். சொத்தைராசா வந்தால் ரிமோட்டை எடுத்து அவள் சத்தத்தைக் குறைப்பாள், முத்துவீரன் வந்ததும் கூட்டுவாள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். சிரித்தேனே. அப்போது என்ன சிரிப்பு. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் இந்த விளம்பரத்துக்குக் கிருமியாக வரவில்லை, அம்மாவாக வந்தேன். "கண்ணு, பல் தேய்ச்சியா?" ஒரே ஒரு வரி. பத்து தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்போதிருந்த டைரக்டர் சொன்னார், குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா அம்மாத்தனம் இல்லையே. அம்மாவை சுபத்ராவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆத்திரத்தில் டைரக்டர் பேசினது மாதிரியே தொண்டையை நெரித்துப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள், கதவைத் திறந்துகொண்டு அவரே வந்து நின்றார், என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், உள்ளே வாம்மா, இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம் என்கிறார். அம்மாத்தனம் இல்லையே. அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, அதனால் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். முகை நாலு வயதில் ஒருநாள் டிவியைப் பார்த்துவிட்டு, "அந்த அம்மா எவ்ளோ நல்லா பேசறாங்க இல்ல," என்றாள். சுபத்ராவைத்தான். நல்லாத்தான் பேசுவாள், அவளுக்குப் பிள்ளை கிடையாது, காலையில் ஏழரை மணி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. இப்படி நினைக்கிறேனே, அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்.

"கோமதி, இன்னும் கொஞ்சம் நடுங்கணுமாம்மா. அவன் நடிக்கறான்னு தெரியுதாம். நிஜமா பயப்படணும்னு சொல்றாங்க. போலாமா?" கதிரேசன் சார் குரல் காதுக்குள் வந்து போகிறது. தலையாட்டுகிறேன். சிவப்பு விளக்கு. தாடை நெஞ்சுக்கு, நாக்கின் பின்பக்கத்தைத் தொண்டைக்குள் தள்ளி, அடிவயிற்றைப் பிடித்து, என்னை விட்டுடு முத்துவீரா, இனி இந்த வாய்ப் பக்கமே வரமாட்டேன். வந்தது. வந்ததுதான், ஆனால் எனக்கே தெரிகிறது, உள்ளே எங்கேயோ அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். பதினைந்து வருடம் சிரித்துப் பழகிய தொண்டை, கெஞ்சச் சொன்னால் கெஞ்சிவிடுமா. விளக்கு அணைகிறது. கண்ணாடிக்கு அப்பால் மறுபடியும் போன், மறுபடியும் தலையாட்டல். தண்ணீர் குடிக்கிறேன், இறங்கும்போது வலிக்கிறது. நேற்று ராத்திரியே இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடலாமென்று போனைக் கையில் எடுத்தேன். எடுத்து வைத்துவிட்டேன். என்ன காரணம் சொல்வது? என் பிள்ளை என்னைப் பார்த்துக் கிருமி என்று நினைக்கிறாள் என்றா?

எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. டாக்டரம்மா, குழந்தைகளுக்கு இது சகஜம், டைம் குடுங்க, வற்புறுத்தாதீங்க என்றார். டைம் கொடுத்தேன். இரண்டு நாள் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் மடியில் இழுத்து உட்காரவைத்து, "அது அம்மா சும்மா பண்ணினதுடா செல்லம், சொத்தைராசான்னு ஒருத்தன் கிடையாது, அம்மாதான் அப்படிப் பேசறது," என்று சொன்னேன். சொல்லும்போதே தப்பு என்று தெரிந்துவிட்டது, அம்மாதான் அது என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டேனே. நழுவி இறங்கிப் போய்விட்டாள். போனில் பழைய ரெக்கார்டிங் வீடியோ காட்டினேன், கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இன்னொரு முட்டாள்தனம், குரலை இனிப்பாக்கினேன். கண்ணு, வாடா கண்ணு, அம்மா தோசை சுட்டிருக்கேன் பாரு. என் காதுக்கே அது சுபத்ரா பேசுவதுபோல இருந்தது. முகை என் முகத்தைப் பார்க்கவில்லை, உதட்டைத்தான் பார்த்தாள், வார்த்தையும் உதடும் சேர்கிறதா என்று நாங்கள் திரையில் பார்ப்போமே அப்படி. சேரவில்லை என்று முடிவுசெய்துவிட்டாள், அவள் கண்ணில் அது தெரிந்தது. முந்தாநாள் அவளுக்கு முதல் பல் விழுந்தது. கீழ்வரிசையில் முன்பல், ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது, விழுந்தால் சாணியில் பொதிந்து மொட்டைமாடியில் எறிய வேண்டும், அம்மாவும் நானும் மட்டும், அப்பா வரக்கூடாது என்று அவளே திட்டம் போட்டு வைத்திருந்தாள். விருகம்பாக்கத்தில் சாணிக்கு எங்கே போவது என்று நான் கேட்டதற்கு, கோயில் மாடு இருக்கே என்று பதில் வேறு. பல் விழுந்ததே எனக்குத் தெரியாது. மறுநாள் சேதுவின் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் காகித மடிப்பு, அதற்குள் அரிசி மாதிரி அது. "அப்பாகிட்ட பத்திரமா இருக்கட்டும்னு குடுத்தா கோமதி, நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றார். யாரிடமிருந்து பத்திரமாக? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பயம் அதுகூட இல்லை. கிருமி என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், வளர்ந்தால் தெளிந்துவிடும், காலேஜ் போகும்போது சொல்லிச் சிரிப்பாள். எனக்குப் பயம் வேறு. அன்றைக்கு நான் அந்தக் குரலை விளையாட்டுக்காகப் போடவில்லை. எல்லோரிடமும் விளையாட்டுக்கு என்றுதான் சொல்கிறேன், டாக்டரம்மாவிடமும் சொன்னேன், சேதுவிடமும். ஐந்தாவது தடவை கூப்பிட்டும் அவள் அசையாமல் நின்றபோது, அடுப்பில் கடுகு கருகிய வாசனை, கீழே ஹாரன், எனக்கு ஒரு கணம் அவளைப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான், ஒரு கணம். என் குரலில் அதைச் சொல்ல முடியாது, என் குரலில் சொன்னால் நான் கெட்டவள். கைக்குப் பக்கத்தில் இன்னொருவன் குரல் இருந்தது, எடுத்துக்கொண்டேன். அதில் இருந்த ஆத்திரம் சொத்தைராசாவுடையது இல்லை, என்னுடையது. அவள் திரும்பிப் பார்த்தபோது என் முகத்தில் என்ன இருந்திருக்கும்? திரையில் அவனுக்கு வரைந்த முகம் இருக்கிறது, நான் கவலைப்பட வேண்டியதில்லை. வாஷ்பேசின் முன்னால் என் முகம்தான். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்பார்கள். அவள் கண்டுபிடித்துவிட்டாளோ, அம்மா உள்ளுக்குள் இப்படித்தான், மற்ற நேரமெல்லாம் டப்பிங் என்று. இல்லை, ஆறு வயதில் அப்படி நினைக்க வராது. வருமோ? நான் ஆறு வயதில் என் அப்பா சிரித்துக்கொண்டே பேசும்போதும் அடி விழப்போகிறதா என்று சரியாகக் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்து வாயை மூடிக்கொள்வேன். அப்படியென்றால் இது என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்கிறது, மூடுவது. கதிரேசன் சார் பொத்தானை அழுத்திவிட்டு எதுவும் பேசாமல் யாரையோ திரும்பிப் பார்க்கிறார். அந்த அறைக்கதவு திறந்திருக்கிறது. சேது.

சேது மட்டும் இல்லை. அவர் முழங்காலை ஒட்டி மஞ்சள் கவுன். ஆவடியில் அவர் அக்கா வீட்டுக்கு அல்லவா போயிருக்க வேண்டும், சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அங்கே இருப்பாள் என்றுதானே இந்த நேரத்துக்கு ஒப்புக்கொண்டேன். பொத்தான் இன்னும் அழுத்தியே இருக்கிறது, அவர்கள் பேச்சு எனக்குக் கேட்கிறது. "மன்னிக்கணும் சார், வேலை நேரத்துல வந்துட்டோம். இவதான், சொத்தைராசா எங்க இருக்குன்னு ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருந்தா. அம்மா ஆபீஸ்லன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். கூட்டிட்டுப் போன்னு பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டா, எழுந்திரிக்கவே மாட்டேங்குறா." சேது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார். போங்க, அழைச்சிட்டுப் போங்க என்று கையால் காட்டுகிறேன், அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் நிற்கிறார். முகை என்னைப் பார்க்கிறாள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வியர்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற என்னை. வாய் மூடியிருக்கிறது, கை மேலே இருக்கிறது. ஜெரால்ட் நல்ல மனுஷன், பிள்ளைகள் வந்தால் தன் நாற்காலியில் ஏற்றி உட்காரவைப்பது அவர் வழக்கம், "வா பாப்பா, இதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுப் பேசினா உள்ள கேக்கும்," என்று காட்டிக்கொடுக்கிறார். வேண்டாம் ஜெரால்ட். அவள் பேசமாட்டாள், பேசாமல் இருப்பதை இத்தனை பேர் முன்னால் நான் பார்க்க வேண்டும். அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையாலும் பொத்தானை அழுத்துகிறாள், ஒரு கை போதாது என்பதுபோல.

"ஏய், சொத்தைராசா." என் காதுக்குள், இரண்டு காதுக்கும் நடுவில், அவள் குரல். பதினோரு நாளுக்குப் பிறகு. பல் விழுந்த சந்தில் காற்று கசிகிறது, இந்தக் குரலை நான் இதுவரை கேட்டதே இல்லை, புதுக் குரல். "எங்கம்மாவ விட்டுடு." கதிரேசன் சார் போனை இறக்கிவிட்டார். என்னைப் பார்த்துப் பயப்படவில்லையா நீ. எனக்குள் அவன் புகுந்துகொண்டான் என்றா இத்தனை நாளும், அதனால்தான் வாயைத் திறக்கவில்லையா, உனக்குள்ளும் தாவிவிடுவான் என்றா, என் உதட்டைப் பார்த்தது அம்மா எங்கேயாவது தெரிகிறாளா என்று தேடத்தானா. நான் என்னவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன், பிள்ளை என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். முகை, நான்தான்டா என்று சொல்ல வாய் எடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். பதினோரு நாளாக அதைத்தானே சொன்னேன். அவள் என்னிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்கிறாள், அவன்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளை முன்னால் இன்னொரு தடவை அந்தக் குரலை எடுப்பதா? எடுத்து அது தப்பாகிப்போனால் இனி எந்த டாக்டராலும் ஆகாது. "விடு," என்கிறாள் காதுக்குள். தாடையை நெஞ்சில் அழுத்தினேன்.

"விட்டுடறேன்." அவன் குரல்தான், ஆனால் சிரிப்பு இல்லை, எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் கண்ணாடிக்கு அப்பால் முகத்தைச் சுருக்கி யோசிக்கிறாள், இவ்வளவு சுலபமாக விடுவானா என்று சந்தேகம். "திரும்ப வருவியா?" "வரமாட்டேன்." "டிவிலயும்?" இதை எதிர்பார்க்கவில்லை. கதிரேசன் சார் என்னைப் பார்க்கிறார். தாங்கியில் காகிதம் இருக்கிறது, அடுத்த மாதம் இன்னும் இரண்டு படம் இருக்கிறது, பதினைந்து வருடம் இருக்கிறது, ஊரில் யாருக்கும் என் முகம் தெரியாது, இந்த ஒரு குரல்தான் எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்லிவிடலாம். ஆறு வயது, அடுத்த வாரம் மறந்துவிடுவாள். மறக்கமாட்டாள், நான் மறந்தேனா. அடுத்த மாதம் அவன் புது விளம்பரத்தில் வந்து என் குரலில் சிரித்தால் இவள் என் வாயை மறுபடி பார்ப்பாள், அதற்குப் பிறகு அவள் யாரைப் போய்க் கேட்பாள். "டிவில வேற யாராவது வருவான். நான் வரமாட்டேன்." "சத்தியமா?" "சத்தியமா." கதிரேசன் சார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகை பொத்தானிலிருந்து கையை எடுக்காமல், போனில் பெரியவர்களிடம் சொல்வது மாதிரி, "சரி, அம்மாகிட்ட குடு," என்றாள்.

தாடையை நிமிர்த்தினேன். என்ன குரல் வரும் என்று எனக்கே தெரியாது. இனிப்பாக வந்தால் போச்சு, அவன் மாதிரி வந்தால் போச்சு, பதினோரு நாளாக நான் எந்தக் குரலில் பேசிக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது. தொண்டை கட்டி, கரகரத்து, காலையில் எழுந்தவுடன் பேசுவது மாதிரி ஒன்று வந்தது. "அம்மா பேசறேன்." அவள் கண்ணாடி வழியாக என் உதட்டைப் பார்த்தாள். பிறகு, "எப்பம்மா வந்தே?" என்றாள்.

"இப்பத்தான்," என்றேன்.